ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த நிறம்? வாசகர் கேள்வி – பதில்

எஞ்சின், பிரேக், டயர் என்று மாதக்கணக்கில் விசாரித்துக் கார் வாங்குகிறவர்கள்கூட நிறத்தை அரைமணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். காரை விற்கும் நாள் வரை தினமும் கண்ணில் படுவது அதுதான். இந்த இதழில் நிறம், பூச்சு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

போர்ஷே 911 ஆர்டர் கொடுக்கப் போகிறேன். கார்ட்ஸ் ரெட், ஜி.டி. சில்வர் மெட்டாலிக், ஜென்ஷன் புளூ மெட்டாலிக் மூன்றில் தடுமாறுகிறேன். இணையதளத்தில் ஒரு மாதிரி தெரிகிறது, ஷோரூமில் காட்டிய சின்ன மாதிரித் துண்டில் வேறு மாதிரி தெரிகிறது. எதை நம்புவது?
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டையுமே முழுதாக நம்ப வேண்டாம். திரையில் தெரியும் நிறம் உங்கள் ஃபோனின் வெளிச்ச அளவோடு மாறும். ஷோரூமில் நாலா பக்கமும் எல்.இ.டி. விளக்கு எரிவதால் நிழலே விழாது. நிழல் விழாத இடத்தில் 911-ன் உடல்வாகு தெரியாது.

நிறத்துக்கு முன்னால் பூச்சின் வகையை முடிவு செய்யுங்கள். நீங்கள் சொன்ன மூன்றில் கார்ட்ஸ் ரெட் சாலிட் வகை. நிறமியும் பிசினும் மட்டும்தான், மினுக்கு கிடையாது. மற்ற இரண்டும் மெட்டாலிக். அவற்றின் பேஸ் கோட்டில், அதாவது நிறம் இருக்கும் அடுக்கில், மிக நுண்ணிய அலுமினியத் துகள்கள் படுக்கைவாக்கில் கிடக்கின்றன. நேராகப் பார்த்தால் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், சாய்வாகப் பார்த்தால் இருண்டுவிடும். 911-ல் பின்சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் அந்த வளைவைச் சில்வரில் பாருங்கள்: உச்சியில் வெள்ளையாகத் தொடங்கி, கீழே இறங்க இறங்கச் சாம்பலாகிக் கடைசியில் கரும் சாம்பலில் முடியும். வளைவு தானாக வரைந்து காட்டப்படுகிறது. சிவப்பில் இந்தப் படிநிலை குறைவு. பளபளப்புக் கோடு ஒன்றுதான் வளைவைச் சொல்லும். ஆனால் முன்புறக் காற்றுத் துவாரங்கள், கறுப்புப் பட்டைகள், சக்கரங்கள் எல்லாம் சிவப்புக்கு எதிரே துல்லியமாக எடுத்துத் தெரியும். ஜென்ஷன் புளூ வெயிலில் அற்புதம். மரநிழலிலும் இரவிலும் அது ஏறக்குறைய கருநீலம், உடம்பும் கறுப்புப் பாகங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். காரை நீங்கள் பெரும்பாலும் மாலைக்குமேல்தான் எடுப்பீர்கள் என்றால், அந்த நீலத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி கண்ணில் படாமலே போகும்.

பார்க்கும் முறை இது. விரலளவு துண்டு வேண்டாம். குறைந்தது ஒரு ஏ4 தாள் அளவுக்கு, வளைவோடு கூடிய மாதிரி கேளுங்கள். கார் வடிவத்திலேயே சிறிய மாதிரிகள் டீலரிடம் இருக்கும். அதை நண்பகல் வெயில், கட்டட நிழல், மாலை ஐந்தரை மணி வெளிச்சம், உங்கள் வீட்டுப் பார்க்கிங்கின் விளக்கு ஆகிய நான்கிலும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒருமுறை படுக்கையாக, பானெட் போல. ஒருமுறை செங்குத்தாக, கதவு போல. பிறகு பத்து மீட்டர் தள்ளி நின்று ஒருமுறை. ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் விலகித் தெரிவது சகஜம். அதனால்தான் பார்க்கிங் விளக்கையும் சேர்த்துச் சொல்கிறோம்.

எங்கள் தேர்வைக் கேட்டால், கோவை வெயிலுக்கும் அந்த உடல்வாகுக்கும் ஜி.டி. சில்வர். தூசி தெரியாது, கீறல் தெரியாது, வளைவு தெரியும். பார்த்த கணத்தில் மனசு துள்ள வேண்டும் என்றால் சிவப்பை எடுங்கள், அதில் தப்பே இல்லை. ஒன்று மட்டும்: ஆலை ஆர்டரைப் பூட்டிவிட்டால் நிறத்தை மாற்ற முடியாது. அந்தத் தேதியை டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பெயின்ட் டு சாம்பிள்’ திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய, அரிய நிறங்கள் கிடைக்கின்றன. அதற்குத் தனி ஒதுக்கீடும் கூடுதல் காத்திருப்பும் உண்டு. நீங்களே ஒரு நிறத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து உருவாக்கச் சொன்னால், சோதனைக்கே மாதக்கணக்கில் ஆகும்.

கறுப்புதான் என் கனவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு. வெயிலில் கொதிக்கும், கீறல் விழும், வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அவ்வளவு மோசமா?
– வாசகி, சென்னை

வெயில் விஷயத்தில் வீட்டார் சொல்வது சரி. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2011-ல் ஒரே மாடல் கார்கள் இரண்டை, ஒன்று கறுப்பு, மற்றொன்று சில்வர், வெயிலில் நிறுத்தி அளந்தது. ஒரு மணி நேரத்தில் கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சுட்டது. உள்ளே காற்றின் வித்தியாசம் 5, 6 டிகிரி. ஏ.சி. அதைச் சமாளித்துவிடும். கறுப்பில் நிஜமான தலைவலி கீறலும் தண்ணீர்க் கறையும்தான்.

கறுப்பு மற்ற நிறங்களைவிட மென்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற கிளியர் கோட் எல்லா நிறத்துக்கும் ஒன்றுதான். கீறலின் ஓரம் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்போது பின்னணி கறுப்பாக இருப்பதால் அது பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவே. சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்களுக்குப் பெரும்பாலும் காரணம், விடிகாலையில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து அபார்ட்மென்ட் கார்களையெல்லாம் துடைப்பது. துணியில் ஒட்டிய மணல் உப்புத்தாள் வேலை செய்கிறது. உலர்ந்த தூசியைத் தட்டித் துடைப்பதும் அதே ரகம்.

இந்தக் காரை யாரும் துடைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிழலில் நிறுத்தி, காரின் உடம்புச் சூடு ஆறிய பிறகு முதலில் வெறும் தண்ணீரால் மணலைக் கழுவி இறக்குங்கள். ஷாம்பூ நுரை அடித்து மூன்று நான்கு நிமிடம் விட்டு, காய்வதற்குள் கழுவுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் வெறும் தண்ணீர், அடியில் மண் தங்கும் சல்லடைத் தட்டு. மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பாகம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே, நேர்கோட்டில். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. சக்கரத்துக்குத் தனி வாளி.

உங்கள் பகுதியில் கவனிக்க வேண்டியது போர்வெல் தண்ணீர். உலர்ந்ததும் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டமாக நிற்கும், வெயில் பட்டால் கிளியர் கோட்டையே அரித்துப் பள்ளமாக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர், பத்துப் பன்னிரண்டு லிட்டர் போதும். பிறகு காற்றடித்தோ, தடித்த டவலை ஒற்றியெடுத்தோ உலர்த்துங்கள். புதிய கறைக்கு வெள்ளை வினிகரும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சம அளவு கலந்து, ஒரு நிமிடம் ஈரத் துணியில் வைத்து எடுத்துக் கழுவினால் போய்விடும். நகத்தில் தட்டுப்படும் பள்ளமாகிவிட்டால் பாலிஷ்தான் வழி.

பாலிஷுக்கும் ஒரு எல்லை உண்டு. கிளியர் கோட் மொத்தமே 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் கடினமான கட்டிங் பாலிஷ் ஒவ்வொன்றும் சில மைக்ரானைத் தின்னும். வருடா வருடம் ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் மெலிந்து, பின்னால் வெளிறி உரியும். இவ்வளவையும் செய்ய மனம் இருந்தால் கறுப்பை எடுங்கள். நன்றாகப் பராமரித்த கறுப்புக்கு ஈடு இல்லை. மனம் பாதியாக இருந்தால் அடர் சாம்பல் மெட்டாலிக். இரவில் அதே கம்பீரம், பகலில் பாதி வேலை.

ஃபெராரி என்றால் சிவப்புதான் எடுக்க வேண்டுமா? எனக்கு நீலம் பிடித்திருக்கிறது. தவிர, சிவப்பு சீக்கிரம் வெளிறும் என்கிறார்கள்.
– வாசகர், கோலாலம்பூர்

சிவப்பு ஃபெராரியின் சொத்து அல்ல, இத்தாலியின் பந்தய நிறம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலப் பந்தயங்களில் நாட்டுக்கு ஒரு நிறம் என்று ஏற்பட்டது: பிரான்ஸுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை, பெல்ஜியத்துக்கு மஞ்சள், ஜெர்மனிக்கு வெள்ளை. இத்தாலிக்குச் சிவப்பு அமைந்தது. ஃபெராரி சின்னத்தில் குதிரைக்குப் பின்னால் இருப்பதோ மஞ்சள், அது மோதெனா ஊரின் நிறம். நீலத்துக்கும் பெரிய சரித்திரம் உண்டு. 1964-ல் இத்தாலிய மோட்டார் சங்கத்தோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, அந்த ஆண்டின் கடைசி இரண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஃபெராரி கார்கள் நீலமும் வெள்ளையுமாக ஓடின. ஃபெராரி ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ் உலகப் பட்டத்தை உறுதிசெய்தது மெக்சிகோவில், அந்த நீல வெள்ளைக் காரில்தான். ஆகவே தயங்காமல் நீலம் எடுங்கள்.

ஒருவேளை சிவப்பின் பக்கம் சாய்ந்தால், ஃபெராரியின் ரோசோ கோர்ஸா, ரோசோ ஸ்குதேரியா ஆகிய இரண்டு சிவப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் ஆரஞ்சுச் சாயல் உண்டு, உச்சி வெயிலில் அது தூக்கலாகத் தெரியும்.

வெளிறும் பேச்சு பழைய கார்களால் வந்தது. கிளியர் கோட் இல்லாமல் ஒரே அடுக்காக அடித்த பழைய சிவப்புகள் ஆக்சிஜனோடும் கதிரோடும் போராடி, சுண்ணாம்பு பூசியது போல் வெளிர் ரோஸ் ஆகிவிடும். இன்று மேலே கிளியர் கோட் இருக்கிறது. கீழே வெயிலைத் தாங்கும் டி.பி.பி. ரக நிறமிகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான ‘சிவப்பு 254’-க்கு வேதியியல் வட்டாரத்தில் ஃபெராரி சிவப்பு என்றே பெயர். மலேசிய வெயிலில் பயமில்லை.

பளபளப்பில்லாத மேட் பூச்சு போட்ட லம்போர்கினியைப் பார்த்தேன், மயங்கிவிட்டேன். பராமரிப்பு எப்படி?
– வாசகர், மதுரை

கண்டிப்பு வேண்டும். மேட் கிளியர் கோட்டில் சேர்த்திருக்கும் பொருள் மேற்பரப்பை நுண்ணிய மேடுபள்ளமாக்குகிறது. வெளிச்சம் அதில் சிதறுவதால்தான் அந்த வெல்வெட் தோற்றம். பாலிஷ் போட்டால் மேடுகள் மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கும், திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. அதாவது ஒரு சிறு கீறலுக்குக்கூட அந்தக் கதவு முழுதும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். வாக்ஸ் கலந்த ஷாம்பூ, தானியங்கி வாஷ் இரண்டும் தொடவே கூடாது. காக்கை எச்சம் விழுந்தால் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே வைத்து ஊறவிட்டு ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். மதுரை வெயிலில் ஒரு பகல் விட்டாலே தடம் விழும்.

எங்கள் யோசனை: காரைப் பளபளப்புப் பூச்சிலேயே ஆர்டர் செய்யுங்கள், மேலே மேட் பி.பி.எஃப். படலம் (பெயின்டைக் காக்க ஒட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டுங்கள். தோற்றம் கிட்டத்தட்ட அதே. கெட்டுப்போனால் அந்த ஒரு பாகத்தின் படலத்தை உரித்து மாற்றிக்கொள்ளலாம், அலுத்துவிட்டால் அடியில் புதுப் பளபளப்பு காத்திருக்கும்.

என்னுடையது பேர்ல் வெள்ளை. முன் ஃபெண்டரையும் பம்பரையும் பெயின்ட் அடித்து வாங்கினேன். பட்டறைக்குள் சரியாகத் தெரிந்தது, வெயிலில் ஃபெண்டர் மஞ்சள் தட்டுகிறது. பெயின்ட் கோடு (நிறத்தின் குறியீட்டு எண்) சரிதான் என்று சாதிக்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

கோடு சரியாகவே இருக்கலாம். பேர்ல் வெள்ளையில் கோடு பாதி வேலைதான். அது மூன்று அடுக்கு: முதலில் வெள்ளை பேஸ், அதன்மேல் மைக்காத் துகள் கலந்த கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் நடு அடுக்கு, கடைசியில் கிளியர். நடு அடுக்கை இரண்டு கோட் அடித்தால் ஒரு நிறம், மூன்று அடித்தால் வேறு, நான்கு அடித்தால் இன்னும் அடர்த்தி, மஞ்சள் சாயலும் ஏறும். உங்கள் ஃபெண்டரில் ஒரு கோட் கூடியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டிய முறை: ஒரு தகட்டில் வெள்ளை பேஸ் அடித்து, அதை நான்கு பட்டையாகப் பிரித்து, நடு அடுக்கை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கோட் என அடித்து, முழுதும் கிளியர் போட்டு உலர்த்த வேண்டும். கிளியர் போடாத மாதிரியை ஒப்பிடுவது வீண். அந்தத் தகட்டைக் கார்க் கதவின் பக்கத்தில், வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துப்போகும் பட்டையில் இருக்கும் கோட் எண்ணிக்கையையே காருக்கும் அடிக்க வேண்டும். அதே கன், அதே காற்றழுத்தம், அதே 15 – 20 சென்டிமீட்டர் தூரம், முடிந்தால் அதே கை. கோடு ஒன்றுக்கே ஆலை வாரியாகச் சில உட்சாயல்கள் இருக்கும். நிறமானிக் கருவியால் உங்கள் காரையே அளந்து, நெருக்கமான உட்சாயலை எடுக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பாகத்தை மட்டும் அடித்து நிறுத்தினால் விளிம்பில் வித்தியாசம் தெரியும். பேஸையும் நடு அடுக்கையும் பக்கத்துக் கதவின் பாதிவரை படிப்படியாக மெலிதாக்கிக் கலந்துவிட்டு, கிளியரைக் கதவு முழுதும் அடிக்க வேண்டும். கிளியரை ஒரு பாகத்தின் நடுவில் நிறுத்திப் பஃபிங் செய்து மறைப்பது மலிவு வழி. ஓரிரு வெயில்காலத்தில் அந்த ஓரம் உரியத் தொடங்கும்.

வெயில்காலத்தில் இன்னொரு கோளாறு நடக்கும். 38 டிகிரி வெயிலில் வேகமாக ஆறும் தின்னரைக் கலந்தால், துளி காரில் படும் முன்பே பாதி உலர்ந்துவிடும்; நிறம் வெளிறும், சொரசொரக்கும். மெதுவாக ஆறும் தின்னர், அதற்கேற்ற ஹார்டனர் (பெயின்டை இறுகச் செய்யும் திரவம்) வேண்டும். பெயின்டை உலர்த்தும் அறையான பூத்தில் பெயின்டின் சூடு 60 டிகிரிக்கு வந்த பிறகு அரை மணி நேரம் உலரவிட வேண்டும். பூத் காற்றின் சூட்டை அளந்துவிட்டு முடிந்தது என்று சொல்லக் கூடாது.

பம்பரில் மட்டும் இம்மியளவு வித்தியாசம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கும் உலோகமும் தனித்தனியே பூசப்படுவதால் புதுக் கார்களிலேயே அது உண்டு. ஃபெண்டரை மட்டும் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ராணுவப் பச்சை நிறத்துக்கு மாற்ற ஆசை. ராப் செய்தால் (பெயின்டுக்குப் பதில் நிறப் படலம் ஒட்டினால்) ஆர்.சி.யில் மாற்றத் தேவையில்லை என்கிறாரே கடைக்காரர்?
– வாசகர், சேலம்

ஆலிவ் பச்சை வேண்டவே வேண்டாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதிப்படி அது பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டும். ஆர்.சி.யில் காரின் நிறம் பதிவாகியிருக்கிறது. பெயின்டோ ராப்போ, அதற்கு மாறான நிறத்தில் ஓட்டினால் சோதனையிலும் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல். ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து, நிற மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றி, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். பச்சைதான் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் குடும்பத்து அடர் பச்சைகளைப் பாருங்கள். ராணுவச் சாயலே இராது, ஸ்போர்ட்ஸ் காருக்கு அதைவிடக் கண்ணியமான நிறம் குறைவு.

பி.பி.எஃப்., செராமிக் இரண்டும் வேண்டுமா? மாதம் ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போவேன். கார் மஞ்சள் நிறம்.
– வாசகர், சென்னை

டிராக் போகிறவருக்கு பி.பி.எஃப். கட்டாயம், செராமிக் விருப்பம். பெயின்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான் தடிமன்தான். தண்ணீர் ஒட்டாமல் வழியும், கழுவுவது எளிது. கல் தெறித்தால் அது காக்காது, என்ன விளம்பரம் செய்தாலும் சரி. பி.பி.எஃப். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள படலம், கல்லின் அடியை அது வாங்கிக்கொள்ளும். முன் பம்பர், பானெட், முன் ஃபெண்டர், கண்ணாடி உறை, கதவுக்குக் கீழுள்ள ஸில், பின்சக்கரத்துக்கு முன்னால் அகலும் பகுதி ஆகியவை முதலில். முன்சக்கரம் வாரியடிக்கும் ரப்பர்த் துகளும் பொடிக்கல்லும் அந்தக் கடைசி இடத்தில்தான் வந்து விழும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

படலம் டி.பி.யூ. (பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) ரகமா என்று கேளுங்கள். மலிவான பி.வி.சி. வெயிலில் மஞ்சளாகும். உங்கள் மஞ்சள் காரில் அது உடனே தெரியாது. பழுப்பேறி நிறம் மந்தமான பிறகுதான் புரியும். காரின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள், கத்தித் தடம் கிளியர் கோட்டில் இறங்கும். கணினியில் வெட்டிய அளவுத் துண்டுகளாக ஒட்டச் சொல்லி, விளிம்புகளை உட்புறம் மடித்து முடிக்கச் சொல்லுங்கள். ரீபெயின்ட் செய்த பாகம் ஏதும் இருந்தால் குறைந்தது ஒரு மாதம் ஆறவிட்டு ஒட்டுவது நல்லது. ஆறாத பெயின்டில் ஒட்டிய படலம், உரிக்கும்போது பெயின்டையும் சேர்த்துக் கொண்டுவரும்.

பழைய 911 பார்த்து வைத்திருக்கிறேன். அபூர்வ நிறம், ஆலை பெயின்ட் என்கிறார் விற்பவர். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சிங்கப்பூர்

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியோடு போங்கள். அலுமினியத்தையும் அளக்கக் கூடியதாக இருக்கட்டும், இரும்புக்கு மட்டுமான மலிவுக் கருவி அலுமினியக் கதவில் வேலை செய்யாது. ஒரு பாகத்துக்கு ஐந்து இடம் வீதம் குறித்துக்கொள்ளுங்கள். ஆலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள், பாகத்துக்குப் பாகம் அதிகம் மாறாமல் வரும். 250, 300 என்று ஏறினால் மறுபூச்சு, 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், சில மாடல்களில் பானெட் கார்பன். அங்கே இந்தக் கருவி எண் காட்டாது, அதற்கு அல்ட்ராசோனிக் வகை வேண்டும்.

ஒரு பாகம் மட்டும் 200 காட்டினால் உடனே விபத்துக் கார் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆலையிலேயே குறை கண்டு திரும்ப அடிப்பது உண்டு. சந்தேகமான பாகத்தின் போல்ட் தலைகளைப் பாருங்கள், ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று. கதவு ரப்பரை மெல்ல இழுத்து, அடியில் மாஸ்கிங் டேப் ஓரம்போல் நிறக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். நிற விஷயத்தில் கடைசிச் சான்று வண்டியின் பெயின்ட் கோடு: முன் பானெட்டின் உட்புறம் அல்லது கதவுச் சட்டத்தில் இருக்கும் ஸ்டிக்கர். அதில் உள்ள கோடு ஆலை ஆவணங்களோடும் சேஸிஸ் எண்ணோடும் ஒத்துப்போகவில்லை என்றால், அபூர்வ நிறத்துக்கான கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள்.